தண்ணீரில் நனைந்த போன்: சர்வீஸ் மேசையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருநெல்வேலியில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறேன். ஆனி, ஆடியில் குற்றாலச் சாரல், ஐப்பசி, கார்த்திகையில் அடைமழை, வருஷம் முழுக்கத் தாமிரபரணிப் படித்துறையும் திருச்செந்தூர்க் கடலும். நனைந்த போன் வராத வாரமே எங்கள் கடையில் கிடையாது. கடைக்காரர்கள் நாங்கள் இதை ‘வாட்டர் லாக்’ என்போம். கொண்டுவருகிறவர்கள் கேட்கும் கேள்விகள் கிட்டத்தட்ட ஒன்றேதான். ஆனால் போன் விழுந்து மூன்று நாள் ஆன பிறகு வந்து கேட்கிறார்கள். அந்த மூன்று நாளில்தான் பிழைக்க வேண்டிய போன் செத்துப்போகிறது. முன்கூட்டியே தெரிந்திருந்தால் நல்லது என்றுதான் இதை எழுதுகிறேன்.

போன் இப்போதுதான் வாளிக்குள் விழுந்தது. முதலில் என்ன செய்ய?

சார்ஜர் வயரோடு விழுந்திருந்தால் தண்ணீருக்குள் கையை விடாதீர்கள். சுவரில் இருக்கும் சுவிட்சை அணைத்துவிட்டு அப்புறம் எடுங்கள். மட்டமான சார்ஜராக இருந்தால் அதிலிருந்து கசிகிற மின்சாரம் ஆளையே அடிக்கும். போன் அதற்குப் பிறகுதான்.

வயர் இல்லையென்றால் உடனே எடுத்து, திரையைத் துணியால் துடைத்து, போனை ஆஃப் செய்யுங்கள். ஈரத் திரையில் தொடுதல் தாறுமாறாகத்தான் வேலை செய்யும், அதனால் துடைத்துவிட்டுத் தொடுங்கள். பவுச்சைக் கழற்றுங்கள். பவுச்சுக்கும் போனுக்கும் நடுவே நிற்கும் தண்ணீரை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. சிம் தட்டை வெளியே இழுங்கள். சார்ஜர் சொருகும் துளை கீழே பார்க்கும்படி பிடித்து, உள்ளங்கையில் மெதுவாகத் தட்டுங்கள். வருகிற தண்ணீர் வரட்டும்.

உதறாதீர்கள், வாயால் ஊதாதீர்கள். இரண்டுமே வாசலில் நிற்கும் தண்ணீரை வீட்டுக்குள் தள்ளிவிடும் வேலை. சார்ஜ் போட்டுப் பார்க்கவே கூடாது. திரை இருட்டாகிவிட்டது, போன் ஆனில் இருக்கிறதா என்றே தெரியவில்லை என்றால் பட்டனை மாற்றி மாற்றி அழுத்திச் சோதிக்க வேண்டாம். நீளமாக அழுத்தினால் பல போன்கள் மறுபடி ஆனாகிவிடும். அப்படியே துணியில் சுற்றிக் கடைக்குக் கொண்டுபோங்கள்.

போன் நன்றாகத்தானே வேலை செய்கிறது, எதற்கு ஆஃப் செய்யச் சொல்கிறீர்கள்?

இந்த ஒரு கேள்விக்கான பதில் எல்லோருக்கும் தெரிந்திருந்தால் என்னிடம் வரும் போன்களில் நிறையப் பிழைத்திருக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தண்ணீர் மட்டும் போனைக் கொல்வதில்லை. தண்ணீருக்குள் மின்சாரம் ஓடும்போதுதான் கொல்லும். சுத்தமான தண்ணீரில் மின்சாரம் அவ்வளவாகப் பாயாது. ஆனால் நம் குழாய்த் தண்ணீர், ஆற்றுத் தண்ணீர், போர் தண்ணீர் எல்லாவற்றிலும் உப்புகள் கரைந்திருக்கின்றன. போன் பேட்டரி கொடுப்பது 4 வோல்ட் சுற்றி. தண்ணீரைப் பிரித்து மின்வேதி வேலையைத் தொடங்க 1.23 வோல்ட்டே போதும்.

பள்ளிக்கூடத்தில் செம்பு முலாம் பூசும் சோதனை பார்த்திருப்பீர்கள். ஒரு தகட்டிலிருந்து செம்பு கரைந்து, தண்ணீர் வழியாகப் போய், இன்னொரு தகட்டில் படியும். நனைந்த போனுக்குள் நடப்பதும் அதேதான். போனுக்குள் பாகங்கள் எல்லாம் பதிந்திருக்கும் பலகையை போர்டு என்போம். அதில் இருக்கும் கம்பிக் கோடுகள் தலைமுடியைவிட மெல்லியவை. அந்தச் செம்பு கரைந்தால் கோடு அறுந்துபோகும். கரைந்தது பக்கத்துக் கோட்டில் போய்ப் படிந்தால் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஷார்ட் ஆகும். மைக்ராஸ்கோப்பில் பார்த்தால் செம்புக் குடத்தில் பூக்கிற அதே பச்சைக் களிம்பு தெரியும். குடத்தில் களிம்பு ஏற நாள் கணக்கில் ஆகும். மின்சாரம் ஓடுகிற ஈர போர்டில் சில நிமிடங்களிலேயே தொடங்கிவிடும்.

அதனால்தான் விழுந்த அன்று வீடியோ பார்த்துக்கொண்டிருந்த போன் மறுநாள் காலையில் எழுந்திருப்பதில்லை. “நேத்து ராத்திரி வரைக்கும் நல்லா இருந்துச்சு அண்ணாச்சி” என்று சொல்லாதவர்கள் குறைவு. நல்லா இருந்த நேரம் முழுக்க உள்ளே அரித்துக்கொண்டே இருந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். ஆஃப் செய்துவிட்டால் எல்லாம் நின்றுவிடாது. பேட்டரி இணைப்பு அப்படியேதான் இருக்கும், சில கோடுகளில் எப்போதும் மின்சாரம் நிற்கும். வேகம் குறையும், அவ்வளவுதான். முழுசாக நிற்க வேண்டுமென்றால் போனைத் திறந்து பேட்டரி இணைப்பைக் கழற்ற வேண்டும். பின்மூடியைத் தள்ளி பேட்டரியைக் கையில் எடுத்த காலத்துப் பட்டன் போன்கள் ஆற்றில் விழுந்தும் பிழைத்ததற்கு இதுதான் காரணம்.

அரிசியில் போட்டு வைத்தால் சரியாகிவிடுமா?

ஆகாது. பாளையங்கோட்டையிலிருந்து ஒரு அக்கா மூன்று நாள் அரிசிப் பானையில் புதைத்து வைத்திருந்த போனைக் கொண்டுவந்தார். சார்ஜ் துளைக்குள் ஒரு குருணை சிக்கியிருந்தது. உள்ளே திறந்தால் தவிடு கலந்த மாவு, ஈரத்தில் கூழாகி ஒட்டியிருந்தது. அதை எடுத்த பிறகு பார்த்தால் சார்ஜிங் போர்டு முழுக்கப் பச்சை. விழுந்த அன்றே கொண்டுவந்திருந்தால் கழுவிக் கொடுத்திருக்கலாம். அந்த அக்காவைக் குறை சொல்ல முடியாது, எல்லோரும் சொன்னதைத்தான் அவரும் செய்தார்.

நாம் வீட்டில் வைத்திருக்கும் அரிசி ஏற்கெனவே அந்த வீட்டுக் காற்றின் ஈரத்தோடு சமநிலைக்கு வந்துவிட்டது. இன்னும் உறிஞ்ச அதற்குப் பெரிய தாகம் கிடையாது. போனுக்குள் தண்ணீர் எங்கே இருக்கிறது என்றால், ஐசிகள் என்னும் சின்னச் சின்னச் சிப்புகளுக்கு அடியிலும் அவற்றை மூடியிருக்கும் உலோகத் தகடுகளுக்கு உள்ளேயும், தாள் அளவு இடுக்கில். திரி எண்ணெயைப் பிடித்து வைத்திருப்பதுபோல அந்த இடுக்கு தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே கிடக்கும் அரிசி அதை எட்டவே முடியாது. ஆப்பிள் நிறுவனமே தன் உதவிப் பக்கத்தில் போனை அரிசிப் பையில் வைக்க வேண்டாம், துகள்கள் உள்ளே போய்க் கெடுக்கும் என்று எழுதியிருக்கிறது.

அப்படியானால் அரிசியில் வைத்துப் பிழைத்த போன்கள்? அவை வெறும் மேசையில் வைத்திருந்தாலும் பிழைத்திருக்கும். உள்ளே தண்ணீர் அதிகம் போகவில்லை, ஆஃப் செய்து காத்திருந்தார்கள், காய்ந்தது. பாராட்டு அரிசிக்குப் போய்விட்டது.

ஷூ டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலம் அரிசியைவிடத் தேவலாம். ஆனால் மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்த பொட்டலம் ஏற்கெனவே ஈரம் குடித்து நிறைந்திருக்கும். ஓடுகிற மின்விசிறி அதைவிட நல்லது.

ஹேர் டிரையர், வெயில், இட்லிப் பானை மேல் வைப்பது?

மூன்றுமே வேண்டாம். போனின் பின்பக்கத்தைத் திறக்க நாங்கள் என்ன செய்கிறோம் தெரியுமா? 80 டிகிரி சுற்றிச் சூடு காட்டுகிறோம், பசை இளகி மூடி கழன்று வருகிறது. நீங்கள் வீட்டில் டிரையர் பிடித்தால் அதே பசையைத்தான் இளக்குகிறீர்கள். தண்ணீரைத் தடுத்துக்கொண்டிருந்த ஒரே வேலி அது. டிரையரின் காற்று தண்ணீரை இன்னும் உள்ளே தள்ளும். சூட்டில் ஆவியான தண்ணீர் வெளியே வராமல் கேமரா கண்ணாடிக்குள்ளும் திரைக்குள்ளும் போய்ப் பனியாகப் படியும். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகவே ஆகாது. ஐபோனைப் பயன்படுத்த ஆப்பிள் சொல்லும் வெப்பம் 35 டிகிரி வரைதான், அணைத்து வைத்திருக்க 45 வரை. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் நிறுத்திய காருக்குள் முன்கண்ணாடி ஓரம் போனை வைத்தால் அந்த அளவைச் சுலபமாகத் தாண்டிவிடும்.

டேபிள் ஃபேன் முன்னால், சார்ஜ் துளை கீழ் நோக்கியிருக்கும்படி சாய்த்து வையுங்கள். வீட்டு வைத்தியம் அதோடு சரி. லேசாக நனைந்த போனுக்கு 24 மணி நேரம். முழுசாக முங்கிய போனுக்கு, அதுவும் நீர்த்தடுப்பு இல்லாத போனுக்கு, ஃபேன் போதாது. கடைக்குத்தான் போக வேண்டும், அதுவும் அன்றே.

சார்ஜ் போட்டால் ஈரம் இருக்கிறது என்று எச்சரிக்கை வருகிறது. போன் நன்றாகத்தான் இருக்கிறது. என்ன செய்வது?

நம்புங்கள், அந்த எச்சரிக்கை உங்களுக்கு நல்லதுதான் செய்கிறது. ஐபோனில் எக்ஸ்எஸ், எக்ஸ்ஆர் காலத்திலிருந்து இது வருகிறது. சாம்சங்கில் நீர்த்துளிப் படம் காட்டும். சார்ஜ் துளைக்குள் இருக்கும் ஊசிகளுக்கு நடுவே ஈரம் இருப்பதைப் போனே கண்டுபிடித்துச் சார்ஜை நிறுத்துகிறது. துளையைக் கீழே காட்டித் தட்டிவிட்டு, காற்றாட வையுங்கள். அரை மணி நேரம் கழித்துப் போட்டுப் பாருங்கள். மறுபடி வந்தால் இன்னும் காத்திருங்கள், முழுக்கக் காய ஒரு நாள் வரை ஆகலாம். அவசரமென்றால், பின்பக்கம் காய்ந்திருக்கிற பட்சத்தில் வயர்லெஸ் சார்ஜரில் வைக்கலாம்.

குண்டூசி, பஞ்சு, டிஷ்யூ பேப்பர் எதையும் உள்ளே விடாதீர்கள். பஞ்சு உள்ளேயே தங்கிவிடும், ஊசி வளைத்துவிடும். இரண்டு நாள் ஆகியும் எச்சரிக்கை போகவில்லையென்றால் உள்ளே உப்பும் தூசியும் படிந்திருக்கும். வியர்வை படும் சட்டைப் பையில் போனை வைப்பவர்களுக்கு மழையே இல்லாமல்கூட இது வரும். கடையில் சுத்தம் செய்தால் போய்விடும், சின்ன வேலைதான்.

ஐபி68 என்று போட்டிருந்த போன். அப்புறம் எப்படிக் கெட்டது?

இந்தக் கேள்வியைக் கோபத்தோடுதான் கேட்பார்கள். கோபத்தில் நியாயம் இருக்கிறது. விளம்பரத்தில் நீச்சல் குளத்தைக் காட்டிவிட்டு, நிபந்தனையைச் சின்ன எழுத்தில் போட்டால் யாருக்குத்தான் புரியும்?

ஐபி என்பது தூசியையும் தண்ணீரையும் போன் எவ்வளவு தடுக்கும் என்று சொல்லும் குறியீடு. முதல் எண் தூசிக்கு, இரண்டாவது தண்ணீருக்கு. 7 என்றால் 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 8 என்றால் அதைவிட அதிகம், எவ்வளவு என்று நிறுவனமே சொல்லும். ஐபோன் 12 முதல் பெரும்பாலானவற்றுக்கு 6 மீட்டரில் 30 நிமிடம் என்கிறார்கள். சாம்சங்கில் பெரும்பாலும் 1.5 மீட்டரில் 30 நிமிடம். இந்தச் சோதனை நடப்பது ஆய்வுக்கூடத்தில், புதுப் போனில், அசையாத நல்ல தண்ணீரில். குற்றாலம் மெயின் அருவியில் தலைக்கு மேலிருந்து வந்து அறைகிற தண்ணீர் அந்தச் சோதனையில் கிடையாது. 7, 8 எண்கள் மூழ்குவதைப் பற்றியவை, பீய்ச்சி அடிப்பதைப் பற்றியவை அல்ல. கடல் உப்பு கிடையாது, நீச்சல் குளத்துக் குளோரின் கிடையாது, சோப்பு கிடையாது. விலை குறைந்த போன்களில் இருக்கும் ஐபி54, ஐபி64 எல்லாம் சாரலுக்கும் தெறிப்புக்கும் மட்டும்தான். அவற்றை வாளித் தண்ணீரில் சோதித்துப் பார்க்க வேண்டாம்.

தண்ணீரைத் தடுப்பது ரப்பர் வளையமும் பசைப் பட்டையும்தான். இரண்டுக்கும் வயசாகும். ஒருமுறை கீழே விழுந்து ஓரம் நசுங்கினால் இடைவெளி விடும். டிஸ்பிளேயோ பேட்டரியோ மாற்றியிருந்தால் பழைய பசை போய்விட்டது என்று அர்த்தம். பசைப் பட்டை புதிதாக ஒட்டினார்களா என்று மாற்றும்போதே கேளுங்கள். ஒட்டியிருந்தாலும் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த தடுப்பு திரும்பி வந்துவிட்டது என்று எந்தக் கடைக்காரர் சொன்னாலும் நம்பாதீர்கள். நான் மாற்றிக் கொடுக்கும் போனுக்கும் அந்த உறுதி தர மாட்டேன், அதை முதலிலேயே சொல்லிவிடுவேன்.

இதில் நீதிமன்றமும் நமக்குச் சாதகமாகப் பேசியிருக்கிறது. ஆஸ்திரேலியாவில் நுகர்வோர் ஆணையம் 2019இல் சாம்சங் மீது வழக்குப் போட்டது. குளத்திலும் கடலிலும் போனைப் பயன்படுத்தலாம் என்பதுபோல விளம்பரம் செய்தார்கள், ஆனால் ஈரத்தோடு சார்ஜ் போட்டால் சார்ஜ் துளை அரித்துப்போகக்கூடும் என்பதுதான் புகார். 2022இல் 1 கோடியே 40 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் விதித்தார்கள். ஐபோனின் நீர்த்தடுப்பு விளம்பரத்துக்காக இத்தாலியில் 2020இல் ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ அபராதம் போட்டார்கள். அங்கேயும் குறை அதேதான்: விளம்பரத்தில் தண்ணீரைக் காட்டுகிறீர்கள், வாரண்டியில் தண்ணீரைச் சேர்க்க மறுக்கிறீர்கள்.

கடலில் விழுந்தால்?

கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. மின்சாரம் அதில் தாராளமாக ஓடும், மேலே சொன்ன அரிப்பு எல்லாம் பல மடங்கு வேகத்தில் நடக்கும். திருச்செந்தூரில் காலையில் நனைந்த போனை மறுநாள் திறந்தால் பச்சையும் வெள்ளையுமாகப் பூத்திருக்கும். தண்ணீர் காய்ந்தாலும் உப்பு போகாது. காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்துக்கொண்டு மறுபடி மறுபடி அரிக்கும். அதனால் கடலில் நனைந்த போனைக் காயவைத்துப் பார்க்கலாம் என்ற எண்ணமே வேண்டாம்.

உடனே ஆஃப் செய்யுங்கள். போன் ஐபி67, 68 வகை, உடைசல் எதுவும் இல்லை என்றால் நல்ல தண்ணீரில் வெளிப்புறத்தை மெதுவாக அலசித் துடையுங்கள். அது இல்லாத போனுக்கு வீட்டில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், பக்கத்தில் இருக்கும் கடைக்கே போய்விடுங்கள். ஊர் திரும்பி நம்ம ஆளிடம் கொடுத்துக்கொள்ளலாம் என்று அடுத்த நாள் வரை தள்ளிப்போட வேண்டாம். பேட்டரி இணைப்பைக் கழற்றினாலே போதும், பாக்கி வேலையை ஊருக்கு வந்து செய்துகொள்ளலாம்.

டீ, மோர், சோப்புத் தண்ணீர்?

டீயிலும் ஜூஸிலும் சர்க்கரை, மோரில் புளிப்பும் உப்பும், சோப்பில் காரம். காய்ந்தால் எல்லாமே ஒட்டிக்கொண்டு கெட்டிப்படும், பட்டன்கள் சிக்கும். ஆஃப் செய்து, ஈரத்துணியால் வெளியே துடைத்து, அன்றே காட்டுங்கள்.

கழிவறையில் விழுந்ததென்றால் கையுறை போட்டு எடுங்கள். பழுது பார்ப்பவரிடம் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். எங்களுக்கு அதில் அருவருப்பு இல்லை. ஆனால் நாங்கள் வெறும் கையால் திறக்கிறோம், முகத்துக்கு அருகில் வைத்து வேலை செய்கிறோம். தெரிந்தால் கையுறை போட்டுக்கொள்வோம்.

பேச்சு கரகரவென்று கேட்கிறது, கேமராவில் பனி மூட்டம். தானாகச் சரியாகுமா?

ஸ்பீக்கரின் வலைக்குள் தண்ணீர் நிற்பதால் வரும் கரகரப்பு பெரும்பாலும் காய்ந்தால் போய்விடும். தாழ்ந்த அதிர்வெண்ணில் ஒலி எழுப்பித் தண்ணீரைத் தள்ளும் ஆப்கள் இருக்கின்றன, அந்த ஐடியா உண்மைதான், ஆப்பிள் வாட்ச்சில் அது உள்ளேயே வருகிறது. ஆனால் நீர்த்தடுப்பு உள்ள போன், லேசாக நனைந்தது, மற்றபடி நன்றாக இருக்கிறது என்றால் மட்டும் பயன்படுத்துங்கள். முங்கிய போனை அந்த ஆப்புக்காக ஆன் செய்வது வீட்டை எரித்துக் குளிர்காய்வது போல.

கேமராவில் பனி ஒன்றிரண்டு நாளில் மறைந்து திரும்ப வராவிட்டால் கவலை இல்லை. குளிர் நேரத்தில் மறுபடி மறுபடி வந்தால் உள்ளே ஈரம் தங்கியிருக்கிறது. திறந்து பார்த்துத்தான் ஆக வேண்டும்.

கடையில் அப்படி என்ன செய்வீர்கள்?

முதல் வேலை திறந்து பேட்டரி இணைப்பைக் கழற்றுவது. பிறகு போர்டை வெளியே எடுத்து, மேலிருக்கும் தகடுகளை நீக்கி, மைக்ராஸ்கோப்பில் எங்கெல்லாம் பூத்திருக்கிறது என்று பார்ப்போம். அடுத்து கழுவுவோம். “தண்ணி பட்டு கெட்ட போனை மறுபடி கழுவுறீங்களா அண்ணே?” என்று ஆச்சரியப்படுவார்கள். நாங்கள் கழுவுவது ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில், 99 சதவீதம் சுத்தமானது. இடுக்கில் நிற்கும் தண்ணீரோடு கலந்து, அதையும் இழுத்துக்கொண்டு ஆவியாகிப் போகும், பின்னால் எதையும் விட்டுவைக்காது. மென்மையான தூரிகையால் தேய்ப்போம். களிம்பு ஐசிக்கு அடியில் இருந்தால் அல்ட்ராசோனிக் தொட்டியில் போடுவோம், கண்ணுக்குத் தெரியாத அதிர்வில் அது உதிரும். காய்ந்த பிறகு பேட்டரிக்குப் பதில் மேசையிலிருக்கும் மின்வழங்கியில் இணைத்து எவ்வளவு ஆம்பியர் இழுக்கிறது என்று பார்ப்போம். பட்டனே அழுத்தாமல் இழுத்தால் எங்கோ ஷார்ட் இருக்கிறது. அதைத் தேட ஒரு மணி நேரமும் ஆகலாம், ஒரு நாளும் ஆகலாம்.

போர்டை வெளியே எடுக்காமல், மேலாக ஹாட் ஏர் காட்டி, ஆன் ஆனதும் கையில் கொடுத்து அனுப்பும் இடங்களும் இருக்கின்றன. அந்தப் போன் சில வாரத்தில் திரும்ப வரும். அதனால் கொடுப்பதற்கு முன் கேளுங்கள்: போர்டை எடுத்துக் கழுவுவீர்களா, மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பித் தருவீர்களா, செலவைச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் தொடங்குவீர்களா? சங்கடப்பட ஒன்றுமில்லை, உங்கள் பொருள். கேரண்டி மட்டும் கேட்காதீர்கள். வாட்டர் லாக் போனுக்கு நேர்மையான ஆள் யாரும் கேரண்டி தர மாட்டார். இன்று பிழைத்தது இரண்டு மாதத்தில் மறுபடி படுக்கலாம். பிழைத்ததும் முதல் வேலையாகப் போட்டோக்களையும் தொடர்பு எண்களையும் வேறு இடத்தில் எடுத்து வையுங்கள்.

வாரண்டியில் பார்ப்பார்களா?

சாதாரண வாரண்டியில் தண்ணீர் வராது, ஐபி68 போனாக இருந்தாலும். உள்ளே வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று இருக்கும், தண்ணீர் பட்டால் சிவப்பாகிவிடும். ஐபோனில் சிம் துளைக்குள் டார்ச் அடித்தால் நீங்களே பார்க்கலாம். அதனால் மறைத்துப் பயனில்லை. தனியாகப் பணம் கட்டி எடுக்கும் ஆப்பிள்கேர் பிளஸ், சாம்சங் கேர் பிளஸ் போன்ற திட்டங்களில் தண்ணீர்ச் சேதமும் சேரும், ஒவ்வொரு முறையும் ஒரு தொகை கட்ட வேண்டியிருக்கும். அப்படித் திட்டம் இருந்தால் வெளிக்கடையில் திறக்காதீர்கள், நேராக அவர்களிடம் போங்கள்.

ஓடிபி, ஜிபே எல்லாம் அந்தப் போனில்தான். என்ன செய்வேன்?

சிம்மைத் துடைத்து வேறு போனில் போடுங்கள். சிம் தண்ணீரில் அவ்வளவு எளிதில் கெடாது. அழைப்பும் ஓடிபியும் வந்துவிடும். பணம் வங்கியில்தான் இருக்கிறது, போனில் இல்லை, அதனால் பதற வேண்டாம். யூபிஐ ஆப் புதிய போனில் அந்த சிம்மிலிருந்தே எஸ்எம்எஸ் அனுப்பி உறுதி செய்துகொள்ளும். வாட்ஸப்பும் அந்த எண்ணில் திறக்கும், ஆனால் பேக்கப் எடுத்திருந்தால்தான் பழைய பேச்சுகள் வரும். இசிம், அதாவது தனி அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே இருக்கும் சிம், வைத்திருப்பவர்கள் சிம் நிறுவனத்திடம் போய்ப் புதிதாக வாங்க வேண்டும். மெமரி கார்டு இருந்தால் காயவைத்துக் கார்டு ரீடரில் போடுங்கள், பெரும்பாலும் படங்கள் அப்படியே இருக்கும்.

உணவு கொண்டுபோகும் தம்பிகளும் ஆட்டோ ஓட்டும் அண்ணன்களும் “இன்னைக்கு லாகின் பண்ணலைன்னா சம்பளம் போச்சு” என்று ஈரப் போனையே ஆனில் வைத்து ஓட்டிவிடுவதைப் பார்க்கிறேன். எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒரு நாளைக்கு யாரிடமாவது பழைய போன் இரவல் வாங்குங்கள். எங்கள் கடையில் இதற்காகவே இரண்டு பழைய செட் வைத்திருக்கிறோம். உங்கள் ஊர்க் கடையிலும் கேட்டுப் பாருங்கள்.

நனைந்த பிறகு போன் பின்பக்கம் உப்பலாக இருக்கிறது.

பேட்டரி வீங்குகிறது. இதில் காத்திருக்கவே கூடாது. சார்ஜ் போடாதீர்கள், அமுக்கிச் சமப்படுத்தப் பார்க்காதீர்கள், குத்தவே குத்தாதீர்கள். குத்தினால் தீப்பிடிக்கும். மெத்தையிலோ தலையணைப் பக்கமோ வைக்காமல், திரைச்சீலை, காகிதம் எதுவும் பக்கத்தில் இல்லாத வெறும் தரையில் வைத்துவிட்டுக் கடைக்காரரைக் கூப்பிடுங்கள். புகை வந்தால் விலகி வெளியே போங்கள், போனைக் காப்பாற்றக் கையை நீட்டாதீர்கள். கழற்றிய பேட்டரியைக் குப்பையில் போடவும் வேண்டாம். குப்பை வண்டியில் அது நசுங்கினால் தூய்மைப் பணியாளர் கையில்தான் தீ.

மழைக்காலத்தில் எப்படிப் பாதுகாப்பது?

ரெயின்கோட் பைக்குள் வைத்தால் மழை வராது, வியர்வை வரும். ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் காற்றை வெளியேற்றிப் போட்டுக்கொள்ளுங்கள். வண்டி ஹாண்டிலில் மாட்டி மழையில் மேப் பார்ப்பதை விட்டுவிட்டு, காதில் கேட்டுக்கொண்டு போகலாம்.

2023 டிசம்பர் 17, 18இல் இங்கே நடந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. எங்கள் ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டே வெள்ளத்தில் நின்றது. அதன் பிறகு வாரக்கணக்கில் கடைக்குச் சேறு அடைத்த போன்களாக வந்தன. அப்போது கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன். எச்சரிக்கை வந்தவுடன் பேக்கப் எடுத்துவிடுங்கள், நாலைந்து முக்கியமான எண்களைத் தாளில் எழுதி அதையும் உறையில் போடுங்கள். பவர் பேங்க்கை முழுக்க ஏற்றி வையுங்கள். வெள்ளத்துக்கு நடுவில் நனைந்த போன் ஒன்றுதான் வெளியுலகத் தொடர்பு என்றால், நான் மேலே சொன்ன எதையும் கேட்காதீர்கள். அது அணையும் வரை பயன்படுத்துங்கள். 112, மாவட்டப் பேரிடர் உதவிக்கு 1077, மாநிலத்துக்கு 1070. போன் போனால் போகட்டும்.

எப்போதோ நனைந்து செத்துப்போன போன் அலமாரியில் கிடக்கிறது. அதிலிருக்கும் படங்களை எடுக்க முடியுமா?

முயன்று பார்க்கலாம், தூக்கிப் போட்டுவிடாதீர்கள். இப்போதைய போன்களில் தகவல்கள் பூட்டப்பட்டு, அந்தப் பூட்டு அதே போர்டின் பிராசசரோடு கட்டிப்போடப்பட்டிருக்கும். மெமரி சிப்பை மட்டும் கழற்றி வேறு கருவியில் படிக்க முடியாது. அந்த போர்டையே ஒரு தடவையாவது உயிர்ப்பிக்க வேண்டும். போனாகப் பயன்பட வேண்டாம், தகவலை நகலெடுக்கும் ஒரு மணி நேரத்துக்கு எழுந்து நின்றால் போதும்.

அந்த வெள்ளத்தில் மூழ்கிய போனை ஒரு வருஷம் கழித்து ஒரு பெண் கொண்டுவந்தார். அவருடைய அப்பாவின் போன். அப்பா இடையில் காலமாகிவிட்டார், அவர் பேசி அனுப்பிய குரல் பதிவுகள் அதில் மட்டும்தான் இருந்தன. பேட்டரி வீங்கியிருந்தது, திரை போயிருந்தது. போர்டை இரண்டு முறை கழுவி, வேறு திரையும் வேறு பேட்டரியும் இணைத்து மூன்றாம் நாள் எழுப்பினோம். பூட்டின் எண் அவருக்குத் தெரிந்திருந்தது, அதனால்தான் முடிந்தது. எண் மட்டும் தெரியாமல் இருந்திருந்தால், ஓடுகிற போனைக் கையில் வைத்துக்கொண்டு வெறுமனே பார்த்திருப்போம்.

அப்படிப் போன் வைத்திருப்பவர்கள் சார்ஜ் போட்டு மட்டும் பார்க்காதீர்கள். அதைத் திறக்கும் எண் என்ன என்று வீட்டில் கேட்டு, தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்.